துப்ப வேண்டிய தண்ணீர்

விடிந்தும் விடியாத நேரத்தில் நிருஜா குசினி வாசலில் நின்று மூன்றாவது தரமாகத் தண்ணீரைத் துப்பினாள். துப்பியது காசு கொடுத்து வாங்கிய பவுசர் தண்ணீர். மனம் கேட்காமல் முருங்கையின் அடியைப் பார்த்துத் துப்பினாள், மரமாவது குடிக்கட்டும். அவளுடைய புருஷன் ரஜீபன் வாயில் பிரஷ்ஷோடு எதிரே குந்தியிருந்து, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மாதிரித் தலையை ஆட்டினான்.

“உது சரிவராது. உப்பிடித் துப்பினால் ஒருத்தரும் நம்பமாட்டினம். முதல்ல முகத்தைச் சுழிக்கவேணும். பேந்துதான் துப்பவேணும். கசாயம் குடிச்ச முகம் ஒண்டு வைச்சுப் பாரும்.”

“நான் கசாயத்தையும் விழுங்கிறனான்,” என்றாள் நிருஜா. “எனக்குத் துப்பிப் பழக்கமில்லையப்பா. இந்தத் தீவில தண்ணியைத் துப்பிற ஆளை நீங்கள் எங்கையாவது கண்டிருக்கிறியளே?”

அவன் காணவில்லைதான். புங்குடுதீவில் தண்ணி பவுசர் ஓட்டுகிறவன் அவன். காலையிலிருந்து பின்னேரம் வரை உழவு இயந்திரத்தின் பின்னால் நல்ல தண்ணீர்த் தாங்கியைக் கொழுவி இழுத்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், தொட்டிக்கும் குடத்துக்கும் அளந்து விடுவதுதான் பிழைப்பு. குழாயை மூடும்போது சொட்டுகிற துளியைக்கூடச் சனம் பேணியை நீட்டி ஏந்திக்கொள்ளும். அப்படிப்பட்ட மனுஷன் பெண்சாதிக்குத் துப்பப் பழக்குகிறான் என்றால் விசயம் லேசானதாக இருக்க முடியாது.

விசயம் ஒரு காணி. அவர்களுடைய வாடகை வீட்டுக்கும் கடற்கரைக்கும் நடுவே, கிளுவை வேலியும் பனை வடலிக் கூட்டமுமாகக் கிடந்த இரண்டு பரப்பு நிலம். டொரன்டோவில் இருக்கும் சறோஜினிதேவியின் சீதனக் காணி. வீடு சண்டைக் காலத்தில் விழுந்துவிட்டது. அத்திவாரக் கல்லும் ஒரு கிணறும்தான் மிச்சம். சறோஜினிதேவியின் பெரியப்பா மகன் அம்பலவாணர் படலைப் பூட்டின் திறப்பை மடியில் முடிந்து வைத்துக்கொண்டு காணியைப் பார்த்துவந்தார். அந்தக் கிணறு உவர் என்பது ஊரறிந்த சங்கதி. வேறு யாரும் கட்டிவிட்ட கதையில்லை, அந்த வீட்டு ஆட்களே பரம்பரையாகச் சொல்லிவந்தது. உவர்க் கிணற்றுக் காணி என்பதால்தான் விலை இறங்கி இறங்கி, கடைசியில் நிருஜாவும் ரஜீபனும் எட்டிப் பிடிக்கிற உயரத்துக்கு வந்து நின்றது. வாய்ப்பேச்சில் எல்லாம் முடிந்தும்விட்டது. காணி உறுதி எழுத நாள் பார்க்கிற நேரத்தில்தான் சறோஜினிதேவி போனில் ஒரு வார்த்தை போட்டார்: “கிணறு முப்பது வருசத்துக்கு மேல பாவிக்காமல் கிடக்குது. எழுத முதல் ஒருக்கா இறைச்சுப் பாருங்கோ. உவரெண்டால் பேசின விலைதான். நல்ல தண்ணியெண்டால் திரும்பக் கதைப்பம்.”

திரும்பக் கதைப்பம்! அந்தச் சொல் காதில் விழுந்த நாளிலிருந்து ரஜீபனுக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல தண்ணீர்க் கிணறு என்று ஒரு சொல் வெளியே போனால் போதும், சுவிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு கேட்பார்கள். பிறகு கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுக்கிற நிருஜாவும் பவுசர் ஓட்டுகிற அவனும் வேலிக்கு வெளியே நின்று விடுப்புப் பார்க்க வேண்டியதுதான்.

ஆகவேதான் இந்த ஒத்திகை. அம்பலவாணருக்கு எந்நேரமும் வாய் நிறைய வெற்றிலை. அந்த நாக்குக்கு உவர் எது, நல்லது எது என்று தெரியாது. அவரே அதை ஒப்புக்கொண்டு, நிருஜாவைக் காட்டி, “வீட்டுக்காரிதான் முதல் குடிக்கவேணும். பிள்ளை குடிச்சுச் சொல்லட்டும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தண்ணீர் நல்லதாக இருந்தால் நிருஜா துப்ப வேண்டும். முகத்தைச் சுழித்து, ‘சீ, உவர்’ என்று சொல்ல வேண்டும். உடனே ரஜீபன் தகரத்தைப் போட்டுக் கிணற்றை மூடிவிடுவான். அடுத்த கிழமை உறுதி எழுதி முடிந்துவிடும்.

“நீங்களே குடிச்சுத் துப்புங்கோவன்,” என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

“என்ர முகம் காட்டிக் குடுத்திடும் நிரு. நீர்தான் அமுக்கமான ஆள். சங்கக்கடையில உள்ளுக்கு மூட்டையை வைச்சுக்கொண்டே சீனி முடிஞ்சுது எண்டு சொல்லேல்லையே?”

“அது மனேச்சர் சொல்லச் சொன்னது!”

“இது புருஷன் சொல்லச் சொன்னது,” என்று அவன் கொடுப்புக்குள் சிரித்தான்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, இந்த ஒரு மாதமாக இரண்டு பேருக்கும் கால் நிலத்தில் படவில்லை. சங்கக்கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டு நிற்கும்போதே அவள் மனத்துக்குள் குசினிக்கு யன்னல் வைத்துவிடுவாள். பிறகு அது தெற்குப் பக்கம் வேண்டாம், சோளகக் காற்றுக்கு அடுப்புச் சாம்பல் எல்லாம் பறக்கும் என்று பிடுங்கி வடக்கில் வைப்பாள். மாலையில் வேலியோரம் நடந்து போகிற சாட்டில் அந்த வளவை எட்டிப் பார்க்காத நாளில்லை. ‘அந்த வடலிக்கு இங்கால வாசல்’ என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். சந்தோசப் புழுகத்தில் இரவில் எழும்பி அவனைத் தட்டி, “கக்கூசை எங்கை வைக்கிறது?” என்று கேட்டிருக்கிறாள். அவனும் முறைக்காமல் எழும்பியிருந்து யோசித்திருக்கிறான்.

எட்டு வருடம் வாடகை வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் இந்தப் புழுகம் விளங்கும். அவர்கள் இருந்தது லண்டன்காரர் ஒருவரின் பெரிய வீடு. மாபிள் பதித்த விறாந்தை, மூன்று அறை. பார்க்கிறவர்களுக்கு ராச வாழ்க்கை. ஆனால் ஆனி மாதம் நயினாதீவு அம்மன் கோயிலில் கொடி ஏறப் போகிறது என்றால் ஒரு கிழமை முந்தியே போன் வந்துவிடும். “பிள்ளை, நாங்கள் வாறம்.” அவ்வளவுதான். கட்டிலும் அலுமாரியும் மகள் கம்சிகாவின் புத்தகங்களும் பின்பத்திக்குப் போகும். மூன்று பேரும் குசினியில் பாய் விரிப்பார்கள். வாடகை மட்டும் முன்வீட்டுக் கணக்கில்தான் போகும். வீட்டுக்காரர் கெட்ட மனுஷர் இல்லை. சொக்லேட் தருவார்கள், சென்ட் தருவார்கள். “உங்கட வீடு மாதிரி இருங்கோ பிள்ளை, கூச்சப்படாதேங்கோ” என்று வந்தவர்கள் இருந்தவளைப் பார்த்துச் சொல்வார்கள். அவள் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றுவாள்.

போன ஆனியில் அப்படி ஒரு நாள் குசினிக்குள் படுத்திருக்கையில், முன்வீட்டில் சிரிப்பும் சத்தமுமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. முதலாம் வகுப்புப் படிக்கிற கம்சிகா கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: “அம்மா, எங்கட வீட்டுக்கு எப்ப திருவிழாவுக்கு ஆக்கள் வருவினம்?”

ரஜீபன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்றைக்குத்தான் முடிவெடுத்தார்கள். அதுவரை முழு வீட்டுக்கு என்றுதான் சேர்த்தார்கள். சீட்டுப் பிடித்து, காதில் கிடந்ததைக் கழற்றி, மோட்டார்சைக்கிளை விற்று, சம்பளத்தில் ஒரு பங்கைக் கண்ணால் காணாமலே வங்கிக்குள் தள்ளி, என்னென்ன செய்தும் கதை ஒன்றுதான்: காசு ஒரு படி ஏறினால் சீமெந்து மூன்று படி ஏறி மேலே நின்று சிரிக்கும். “முழு வீட்டை விடுவம்,” என்றாள் நிருஜா. “முதல் காணி. பேந்து ஒரு குசினி. அதுக்குள்ளயே படுப்பம். இப்பவும் குசினியிலதானே படுக்கிறம்? அது எங்கட குசினியா இருக்கட்டும்.”

சனிக்கிழமை காலை படலை திறந்தது. ரஜீபன் பவுசரை ஒழுங்கையில் விட்டுவிட்டு இறைக்கிற மிசினை மட்டும் உள்ளே உருட்டிக்கொண்டு வந்தான். ஆவணி வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. இறைப்புக்கு ஆவணியைத் தெரிந்தெடுத்தது அம்பலவாணர்தான். மாரியில் எல்லாக் கிணறும் இனிக்கும். ஆவணியில் வாயில் வைத்தால்தான் கிணற்றின் குணம் தெரியும் என்பது தீவுப்பகுதியில் குழந்தைக்கும் தெரிந்த பாடம். கெதியாக, சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்று ரஜீபன் நினைத்திருந்தான். ஆனால் மிசின் சத்தம் கேட்டால் ஊர் சும்மா இருக்குமா? முதலில் அந்தக் காணிக்கு எதிரே குடியிருக்கிற அம்பிகை வந்தாள், இடுப்பில் வெறுங்குடத்தோடு. பிறகு அவளுடைய மருமகள். பிறகு சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி நின்றார்கள். மத்தியானம் ஆகும்போது கிணற்றைச் சுற்றி ஒரு சின்னத் திருவிழாக் கூட்டம்.

“உவர்க் கிணத்தை இறைச்சு என்ன செய்யப் போறியள்?” என்று கேட்டாள் அம்பிகை. “மீன் வளர்க்கப் போறியளோ?”

“கால் முகம் கழுவலாமக்கா,” என்றான் ரஜீபன், முகத்தை மிசின் பக்கம் திருப்பிக்கொண்டு.

பாசி பிடித்த பழைய தண்ணீர் முழுவதும் வடலிக்குள் ஓடி முடிந்ததும், ரஜீபன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கிச் சேற்றை வாளியில் அள்ளி அனுப்பினான். மேலே நின்றவர்கள் இழுத்து ஊற்றினார்கள். பனங்கொட்டை வந்தது, துருப்பிடித்த வாளி வந்தது, ஒற்றைச் செருப்பு வந்தது. ஒரு வாளிச் சேற்றுக்குள்ளிருந்து கறுத்துப்போன பித்தளைச் செம்பு ஒன்று உருண்டு விழுந்தது. அம்பிகை அதை எடுத்துச் சாம்பலும் மண்ணுமாகப் போட்டுத் தேய்த்தாள். கழுத்தடியில் எழுத்துத் தெரிந்தது: அன்னலட்சுமி.

“சறோவின்ர தாய்,” என்றார் அம்பலவாணர் வெற்றிலையைக் கொடுப்புக்கு ஒதுக்கிக்கொண்டு. “என்ர சின்னம்மா. இடம்பெயரேக்க தூக்கேலாததைக் கிணத்துக்குள்ள போட்டிட்டு ஓடினது. அப்ப எல்லாரும் அப்பிடித்தான்.” அவர் செம்பை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு நிருஜாவிடம் நீட்டினார். “நல்ல சகுனம். இதிலயே குடி பிள்ளை.”

ரஜீபன் மேலே ஏறி வந்தபோது தலையிலிருந்து கால்வரை சேறு. அவன் நிருஜாவின் முகத்தைப் பார்க்கவேயில்லை. ஆனால் பக்கத்தால் போகும்போது மூச்சுக்குள் முணுமுணுத்தான்: “கல்லில உப்புப் பூக்கேல்லை நிரு. ஊத்து கீழ் மூலையால வருது. எனக்கு அந்தரமாக் கிடக்கு. துப்ப மறந்திடாதையும்.” அவனுடைய கண் இரண்டும் பளபளத்தன. முகம் காட்டிக் கொடுக்கும் என்று அவன் சொன்னது சரிதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஊற்று நிறைந்து கலங்கல் அடங்கப் பின்னேரமாகிவிட்டது. கனடாவில் அப்போதுதான் விடிகிற நேரம். அம்பலவாணர் சறோஜினிதேவிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பிவிட்டு, போனைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். ரஜீபன் வாளியை இறக்கி மெல்ல இழுத்தான். மூடப்போகிற தகரத்தை முன்கூட்டியே எடுத்துக் காலடியில் வைத்திருந்தான். நிருஜா செம்பை அலம்பி, அரைச் செம்பு மொண்டாள். கம்சிகா அவளுடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் வாயில் விட்டுக்கொண்டாள்.

முதலில் குளிர்தான் தெரிந்தது. பிறகு உப்பு வரும் என்று நாக்கு காத்திருந்தது. உவர்த் தண்ணீரில் உப்பு உடனே வராது. நாக்கின் இரண்டு கரையிலும் கொஞ்சம் பிந்தித்தான் வந்து உறைக்கும். வருகிறது, வருகிறது என்று நின்றாள். வரவில்லை. வாய் முழுக்கக் கல்லின் குளிரும் மெல்லிய ஓர் இனிப்பும் மட்டும் இருந்தன. மார்கழி மழையைக் கூரைப் பீலியில் ஏந்திக் குடித்தால் இருக்குமே, அது. ஆவணியில்! கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில்! ‘இப்ப துப்பு’ என்று மனம் சொன்னது. முகத்தைச் சுழிக்க வேண்டும், கசாய முகம், பிறகு துப்ப வேண்டும். எல்லாம் நினைவிருந்தது. ஆனால் தொண்டை யாரைக் கேட்டது? மடக்கென்று விழுங்கிவிட்டது. அது போதாதென்று கை தன்பாட்டில் செம்பைத் தூக்கி இரண்டாவது வாயையும் ஊற்றியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தில் வழிய வழிய, செம்பின் அடி தெரியும்வரை குடித்தாள்.

கண்ணைத் திறந்தபோது எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரஜீபன் தலையில் கை வைத்திருந்தான்.

“என்ன பிள்ளை?” என்றார் அம்பலவாணர். “உவரோ?”

“அவவுக்குத் தாகமய்யா,” என்று ரஜீபன் பாய்ந்து விழுந்தான். “காலமை துவக்கம் வெயிலுக்குள்ள நிண்டவ. கடல் தண்ணியைக் குடுத்தாலும் இப்ப குடிச்சிடுவா. உவர்தான். என்ன நிரு?”

இன்னும் கதவு சாத்தவில்லை. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், பேசின விலை நிற்கும். நிருஜா வாயைத் திறந்தாள். எதிரே அம்பிகை வெறுங்குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு நின்றாள். ரஜீபனின் பவுசர் வராத நாளில் சங்கக்கடை வாசலில் வந்து குந்தியிருந்து புலம்புகிற அம்பிகை. இந்தக் காணி கிடைத்தால் அம்பிகை எதிர்வீட்டுக்காரி. இன்றைக்கு உவர் என்று சொன்னால் நாளைக்கும் சொல்ல வேண்டும். குசினி கட்டிக் குடிபுகுந்த பிறகும் சொல்ல வேண்டும். படலையில் குடத்தோடு யார் வந்து நின்றாலும் ஒரு வாய் குடித்துத் துப்பிக் காட்ட வேண்டும். கம்சிகாவுக்கும் பழக்க வேண்டும், விடியற்காலையில் குசினி வாசலில் வைத்து, முகத்தைச் சுழி பிள்ளை, பிறகு துப்பு என்று. அப்படி ஒரு வீட்டுக்கு யார் திருவிழாவுக்கு வருவார்கள்?

“நல்ல தண்ணி ஐயா,” என்றாள் நிருஜா. “இப்பிடி ஒரு தண்ணி நான் குடிச்சதே இல்லை.”

ரஜீபன் தகரத்தின் மேலேயே குந்திவிட்டான். “வெண்ணெய் திரண்டு வரேக்க தாழியை உடைச்சுப்போட்டீரே,” என்றான். அதற்குள் அம்பிகை செம்பைப் பறித்து மொண்டு குடித்துவிட்டாள். “ஐயோ விசரியே, நல்ல தண்ணியடி! என்ர வீட்டு வாசலுக்கு முன்னால! இவ்வளவு காலமும் நான் இந்தக் கிணத்தைப் பாத்துக்கொண்டு பவுசருக்குக் காசு குடுத்திருக்கிறன்!” பிறகு கேட்க வேண்டுமா? செம்பு கைமாறிக் கைமாறிப் போனது. சைக்கிள்காரர்கள் குனிந்து கையை ஏந்தினார்கள். அம்பிகையின் மருமகள் குடம் எடுக்க ஓடினாள். திட்டித் தீர்க்க வேண்டிய ரஜீபனே, ஒருவர் நீட்டிய செம்பை வாங்கி ஒரு வாய் குடித்தான். குடித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். “துப்ப ஏலாதுதான்,” என்றான் மெல்ல.

அந்த நேரம் பார்த்து அம்பலவாணரின் சேட்டுப் பை பாடியது. வட்ஸ்அப்பில் சறோஜினிதேவி. அவர் போனை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்து, முகம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, நிருஜாவிடம் கொடுத்தார். “நான் குடிக்கேல்லை. குடிச்ச நீயே சொல்லு.”

திரையில் கலைந்த நரைத்தலையோடு ஒரு அம்மா, கையில் கோப்பிக் கோப்பை. “இறைச்சாச்சே பிள்ளை? என்ன மாதிரி?”

“நல்ல தண்ணி அக்கா.” அடுத்ததையும் சொல்லாமல் அவளால் நிறுத்த முடியவில்லை. “நான் உவரெண்டு சொல்லத்தான் வந்தனான். பேசின விலை மாறிப்போகும் எண்டு பயம். காலமை துப்பிப் பழகிக்கொண்டு வந்தனான். வாயில வைச்சால் துப்ப ஏலாமல் போச்சு.”

“அதையும் சொல்லோணுமே!” என்று தகரத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது.

சறோஜினிதேவி கோப்பையைக் கீழே வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறார் என்றுதான் நிருஜா நினைத்தாள். சிரிப்பு.

“துப்பிப் பழகினீரோ? எங்களுக்கும் அம்மா அதைத்தான் பழக்கினவ! ஆரும் படலையில வந்து கேட்டால், ஒரு வாய் குடிச்சுத் துப்பிக் காட்டவேணும். உவர் எண்டு சொல்லவேணும். இல்லாட்டி ஊர் முழுக்க வந்து அள்ளும் எண்டு அவவுக்குப் பயம். நான் நல்லாத் துப்புவன். துப்பித் துப்பி, கனகாலம் போக எனக்கே ஐமிச்சம் வந்திட்டுது, அது உண்மையிலயே உவர்தானோ எண்டு. அதுதான் இறைச்சுப் பாக்கச் சொன்னனான்.”

அம்பலவாணர் வாயைத் திறந்தபடி நின்றார். “சின்னம்மாவோ? பக்கத்து வளவில இருந்துகொண்டு நானும் அக்காவும் காவடி கட்டித் தண்ணி சுமந்தனாங்கள். சறோ, நீயுமோ துப்பினனி?” அவர் வேலியோரம் போய் வாயிலிருந்த வெற்றிலை முழுவதையும் துப்பினார். வாளித் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தார். பிறகு செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைக்காமல் நின்றார்.

“அண்ணை, கையில என்ன அது? அது அம்மான்ர செம்பல்லோ?”

“கிணத்துக்குள்ள கிடந்ததக்கா,” என்றாள் நிருஜா. “பேர் வெட்டியிருக்கு.” அவள் செம்பை வாங்கிப் போனுக்குக் கிட்டப் பிடித்துக் காட்டினாள்.

இப்போது உண்மையாகவே அழுதார் சறோஜினிதேவி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கலங்கலாகத் தெரிகிற எழுத்தைக் கிட்ட வந்து பார்த்தார். “இஞ்ச பாரும் பிள்ளை. வாற ஆனிக்கு நான் வருவன். அம்மன் திருவிழாவுக்கு. எனக்கு அந்தச் செம்பில அந்தக் கிணத்துத் தண்ணி தரவேணும் நீர். எல்லாரும் பாக்கப் பாக்க ஒருக்காவாவது நான் துப்பாமல் குடிக்கவேணும். என்ன, தருவீரோ?”

“ஓமக்கா,” என்றாள் நிருஜா.

“சரி. அப்ப அந்த விலை விசயம், நான் என்ன நினைக்கிறனெண்டால்…”

படம் நின்றுவிட்டது. வாய் பாதி திறந்தபடி, கண்ணில் ஈரத்தோடு சறோஜினிதேவி அசையாமல் நின்றார். நிருஜா போனை மேலே பிடித்தாள், கீழே பிடித்தாள், வடலிப் பக்கம் பிடித்தாள். “கண்டறியாத நெட்வேர்க்!” என்று கத்திக்கொண்டு ரஜீபன் தகரத்தை விட்டு எழும்பிப் பாய்ந்து போனைப் பறித்தான். ஒழுங்கைக்கு ஓடினான். பவுசரின் மேல் ஏறி நின்று கையை வானத்துக்கு நீட்டினான். சேறு காய்ந்து வெடித்த உடம்போடு அவன் அங்கே நின்றது பார்க்க ஒரு வகையாகத்தான் இருந்தது. அம்பலவாணர் கீழே நின்று, “கிழக்கால திருப்பு, கிழக்கால திருப்பு” என்று கத்தினார். கூட்டம் பாதி பவுசரடியிலும் பாதி கிணற்றடியிலுமாகப் பிரிந்து நின்றது.

“அம்மா,” கம்சிகா பாவாடையை இழுத்தாள். “அவ திருவிழாவுக்கு எங்கட வீட்டுக்கே வாறா?”

நிருஜா அம்பிகையின் குடத்தை முதலில் நிறைத்துக் கொடுத்தாள். பிறகு வாளியை இன்னொரு தரம் இறக்கி இழுத்து, செம்பை விளிம்புவரை மொண்டாள். அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பழைய வீட்டின் அத்திவாரக் கல்லைத் தாண்டி, வடலிக்கு இங்கால், அவள் மனத்துக்குள் எத்தனையோ தரம் யன்னல் மாற்றி வைத்த அந்த இடத்துக்கு மெல்ல நடந்தாள். பவுசரின் உச்சியில், ரஜீபனின் கையில் போன் மறுபடி மணி அடித்தது. எல்லாரும் அண்ணாந்தார்கள். நிருஜா மட்டும் செம்பைப் பார்த்தபடி, ஒரு துளியும் சிந்தாமல் நடந்துகொண்டிருந்தாள்.